பத்துக்கு ஒன்று

சிரஞ்சீவி மருமகனுக்கு,

கவுண்டர்-ஸ்ட்ரைக் ஆட்டத்தில் வாராந்தரப் பரிசாகவும் நண்பர்களோடு மாற்றிக்கொண்டும் ஊதா நிற ஸ்கின்கள் ஏழு உன்னிடம் சேர்ந்திருக்கின்றன என்றும், இன்னும் மூன்றை விலைக்கு வாங்கிப் பத்தாக்கி, அவற்றை ஒப்பந்தத்தில் இட்டு இளஞ்சிவப்பு ஒன்றைப் பெறலாமா என்றும் கேட்டிருந்தாய். இல்லாத துப்பாக்கிக்கு இல்லாத சாயம் பூசுவதற்கு இத்தனை விசாரமா என்று உன் அம்மா பரிகசிப்பதாகவும் எழுதியிருந்தாய். இரும்புப் பெட்டியில் பூட்டி வைத்து ஆண்டுக்கு இரண்டு முறை மட்டுமே அணியும் நகைகளைச் சேர்த்து வைத்திருக்கும் அக்கா, பிறர் அலங்காரத்தைப் பரிகசிக்கும் அதிகாரத்தை எப்போதோ இழந்துவிட்டாள் என்பது என் அபிப்பிராயம். ஆனால் அதை அவளிடம் சொல்லிவிடாதே.

நீ கேட்ட கேள்விக்கு விடை கணக்கில்தான் இருக்கிறது. ஆகையால் இந்தப் பரிவர்த்தனை எவ்வாறு நடைபெறுகிறது என்பதை முதலில் நிதானமாகப் பார்த்துவிடுவோம்.

அமெரிக்காவில் வாஷிங்டன் மாநிலத்துப் பெல்வியூ நகரிலுள்ள வால்வ் நிறுவனம், 2012-இல் வெளியிட்ட தன் கவுண்டர்-ஸ்ட்ரைக் பதிப்பிற்கு மறு ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் 'ஆர்ம்ஸ் டீல்' என்ற பெயரில் ஒரு புதுப்பிப்பைத் தந்து, துப்பாக்கிகளின் மேல் பூசத்தக்க, ஸ்கின் எனப்படும் சித்திர வேலைப்பாடுகளை அதில் நுழைத்தது. குறி தவறாமல் சுடுவதற்கோ, விரைந்து ஓடுவதற்கோ, உயிர் பிழைப்பதற்கோ அவற்றால் எள்ளளவும் உபகாரம் இல்லை என்பதுதான் அவற்றின் விசேஷம். வெள்ளை, வெளிர்நீலம், நீலம், ஊதா, இளஞ்சிவப்பு, சிவப்பு என்று ஆறு படிகளாக அவற்றை அடுக்கி, அதற்கும் மேலே கத்திகளையும் கையுறைகளையும் பொன்னிறத்தில் வைத்தார்கள். ஒரு படியில் பத்தைக் கொடுத்தால் அடுத்த படியில் ஒன்று கிடைக்கும் என்பதே நீ சொல்லும் டிரேட் அப் ஒப்பந்தம். பத்தையும் தாளில் அடுக்கிய பின்பு, அடியில் கையெழுத்திடுமாறு கேட்கிறார்களே, அந்தச் சம்பிரதாயத்தைக் கவனித்திருப்பாய். சட்டப்படி அதற்கு ஒரு மதிப்பும் இல்லாவிடினும், இட்டபின் மீள வழியில்லை என்ற ஓர் உண்மையை அது சரியாகவே உணர்த்துகிறது.

இந்த யுக்தி புதியதும் அன்று. அதே நிறுவனத்தின் டீம் ஃபோர்ட்ரெஸ் 2 ஆட்டத்தில், வேண்டாத ஆயுதங்கள் இரண்டை உருக்கினால் ஒரு ஸ்கிராப் உலோகம், அதில் மூன்று சேர்ந்தால் ஒரு ரிக்ளெய்ம்டு, அதில் மூன்று சேர்ந்தால் ஒரு ரிஃபைன்டு, அதிலும் மூன்று சேர்ந்தால் எது வரும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாத ஒரு தொப்பி என்று விதி வகுத்திருந்தார்கள். ஐம்பத்து நான்கு ஆயுதங்கள் அழிந்து ஒரு தொப்பி பிறக்கும். அந்தத் தொப்பிச் சந்தையில் பண்டமாற்று எவ்வாறு தழைக்கிறது என்பதை ஆராய்வதற்காக 2012-இல் யானிஸ் வருஃபாகிஸ் என்ற பொருளாதாரப் பேராசிரியரையே அமர்த்திக்கொண்டார்கள். அவர் 2015-இல் கிரேக்க நாட்டின் நிதி மந்திரியானார்.

இப்போது ஒப்பந்தத்தின் உள்விதிக்கு வருவோம். பெரும்பாலோர் எது வந்தாலும் அதிர்ஷ்டம் என்று கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்திடுகிறார்கள். ஆனால் ஸ்கின்கள் தொகுப்பு தொகுப்பாக வெளியிடப்படுகின்றன; கிடைக்கப்போவது, நீ இட்ட பத்தும் எந்தெந்தத் தொகுப்பைச் சேர்ந்தவையோ அந்தத் தொகுப்புகளின் அடுத்த படியிலிருந்து மட்டுமே வரும். இட்ட ஒவ்வொரு பொருளும் தன் தொகுப்பில் மேல்படியிலுள்ள ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு சீட்டைக் குலுக்கலில் போடுகிறது என்று வைத்துக்கொண்டால் விஷயம் தெளிவாகிவிடும். இந்த ஆட்டக்காரர்களின் கனவுப் பொருளான 'டிராகன் லோர்' என்ற ஏ.டபிள்யூ.பி. துப்பாக்கி ஸ்கின்னையே எடுத்துக்கொள். அது காபில்ஸ்டோன் தொகுப்பின் ஒரே சிவப்பு. அதற்குக் கீழே இருக்கும் ஒரே இளஞ்சிவப்பு எம்4ஏ1-எஸ் துப்பாக்கியின் 'நைட்'. பத்து நைட்டுகளை இட்டால் டிராகன் லோர் நிச்சயம். ஆனால் ஒரு நைட்டே பெருந்தொகைக்கு விற்பதால் பத்தை வாங்குவது தனவந்தருக்கும் எளிதன்று. ஆதலால் ஒரே ஒரு நைட்டை வாங்கி, மலிவான வேறு இளஞ்சிவப்புகள் ஒன்பதை அதனோடு சேர்த்து இடுவோர் உண்டு. அந்த ஒன்பதும் மேல்படியில் இரண்டு சிவப்புகள் உள்ள தொகுப்பைச் சேர்ந்தவையானால், சீட்டுகள் பதினெட்டும் ஒன்றும் ஆகப் பத்தொன்பது. அதில் டிராகன் லோருக்குரியது ஒன்று. அந்த ஒன்பதையே மேல்படியில் ஒரே ஒரு சிவப்பு உள்ள தொகுப்பிலிருந்து எடுத்திருந்தால் சீட்டுகள் பத்தே. அதிலும் ஒன்று டிராகன் லோருக்குரியது. துணைக்கு இடும் பொருள்களைத் தேர்ந்தெடுக்கும் திறத்தினாலேயே ஒருவனுடைய வாய்ப்பு ஏறத்தாழ இருமடங்காகிவிடுகிறது என்பதை அறிந்தவன் சூதாடுபவனைப் போல் தோன்றினாலும், உண்மையில் பின்னக் கணக்குப் போடுபவன்.

தேய்மானம் என்று ஒன்றும் உண்டு. ஒவ்வொரு ஸ்கின்னும் பிறக்கும்போதே பூஜ்யத்துக்கும் ஒன்றுக்கும் இடைப்பட்ட ஓர் எண்ணோடு பிறக்கிறது. ஆட்டக்காரர்கள் அதை ஃப்ளோட் என்கிறார்கள். 0.07-க்குக் கீழே இருந்தால் ஆலையிலிருந்து வந்த புதுப்பொருளைப் போல் பளபளக்கும், 0.45-க்கு மேலே போனால் சாயம் உரிந்து தழும்பேறிக் கிடக்கும். எத்தனை ஆண்டுகள் ஆடினாலும் அந்த எண் மாறுவதில்லை. நீ இடும் பத்தின் தேய்மானச் சராசரியே வரும் பொருளின் தேய்மானத்தை நிர்ணயிப்பதால், மலிவு என்று தழும்பேறியவற்றைப் பொறுக்கி இட்டுவிட்டுப் புதுப்பொருளை எதிர்பார்ப்பது நியாயமாகாது.

இங்கே ஒரு கணக்கை உன் கவனத்திற்குக் கொண்டுவர விரும்புகிறேன். ஸ்கின்கள், விலைக்கு வாங்கும் சாவியால் திறக்கும் பெட்டிகளிலிருந்தும் குலுக்கலில் வருகின்றன. 2017-இல் அமலுக்கு வந்த ஆணையால் சீன அரசு, இத்தகைய பெட்டிகளில் எது எவ்வளவு வாய்ப்போடு வரும் என்பதை வெளியிட்டே ஆக வேண்டும் என்று ஆட்ட நிறுவனங்களுக்கு விதித்தது. அதன்படி அந்நாட்டில் இவ்வாட்டத்தை நடத்தும் நிறுவனம் வெளியிட்ட விகிதங்கள் இவை: நீலம் நூற்றுக்கு 79.92, ஊதா 15.98, இளஞ்சிவப்பு 3.2, சிவப்பு 0.64, பொன்னிறம் 0.26. ஒவ்வொரு படியும் தனக்குக் கீழ்ப்படியின் ஐந்தில் ஒரு பங்காகவும், பொன்னிறம் மட்டும் சிவப்பின் ஐந்தில் இரண்டு பங்காகவும் இருப்பதைப் பார்த்தாயா? பெட்டியைத் திறக்கும் போக்கில் ஐந்து ஊதாவுக்கு ஓர் இளஞ்சிவப்பு தானாகவே வந்துவிடுகிறது. ஒப்பந்தமோ அதற்குப் பத்து கேட்கிறது. சுமார் இரண்டரைச் சிவப்புக்கு ஒரு கத்தியோ கையுறையோ தானாக வருகிறது. 2025-இல் வந்த புதிய ஒப்பந்தம் அதற்கு ஐந்து கேட்கிறது. இரண்டு இடத்திலும் குலுக்கல் கேட்பதைப்போல் இருமடங்கு! ஆகவே ஒப்பந்தம் என்பது ஆட்டக்காரனுக்குக் காட்டும் தாட்சண்யம் அன்று. யாரும் விரும்பாமல் குவிந்து கிடக்கும் பொருள்களைச் சந்தையிலிருந்து வடித்து வெளியேற்றும் மதகு. உன் பத்தும் உலகத்திலிருந்தே மறைந்துவிடுகின்றன. ஒப்பந்தத்தை நிரப்புவதற்கென்றே சாவி வாங்கிப் பெட்டி திறப்பவனைப்போல் புத்தியற்றவன் இல்லை. ஒரு சாவியின் விலை ஏறத்தாழ இரண்டரை டாலர்.

இனிப் பணக் கணக்கு. ஊதா ஒன்று 100 ரூபாய் என்றும், உன் தொகுப்பின் இளஞ்சிவப்புகள் மூன்றும் முறையே 2400, 600, 450 ரூபாய் என்றும் ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். பத்து ஊதாவின் விலை 1000; கிடைக்கப்போவதன் சராசரி மதிப்பு 1150. பார்த்தவுடன் 150 ரூபாய் லாபம் என்று தோன்றும். ஆனால் வால்வ் நடத்தும் ஸ்டீம் சந்தையில் விற்பவன் பெறும் தொகையின் மேல் நூற்றுக்குப் பதினைந்து தரகு சேர்த்தே வாங்குபவன் கொடுக்கிறான். 1150-க்கு விற்றால் உனக்கு வருவது 1000. ஆகப் பத்தையும் காசு கொடுத்து வாங்கினவனுக்குச் சராசரியில் லாபமும் இல்லை, நஷ்டமும் இல்லை. மூன்றில் இரண்டு முறை போட்ட பணத்தில் ஏறத்தாழப் பாதியோ அதற்கும் குறைவோதான் திரும்பும். கைவசம் இருப்பவனின் நிலையோ வேறு. அவன் தன் பத்தையும் விற்கப் புகுந்தால் அங்கேயும் தரகு கழிந்து 870 ரூபாய்தான் பெறுவான். ஆகையால் அவனுக்கு ஒப்பந்தம், சராசரியைக் கொண்டு பார்த்தால், விற்பதைவிடச் சற்றே மேல். உன்னுடைய ஏழு 609-க்கும், நீ வாங்க நினைக்கும் மூன்று 300-க்குமாக உன் முதலீடு 909. இன்னொன்றையும் மறவாதே: விற்ற பணம் ஸ்டீம் கணக்கிலேயே தங்கும், அதை வங்கிக்கு மாற்றவோ, அதைக் கொண்டு அரிசி வாங்கவோ இயலாது.

விலைகளும் நிலையானவை அல்ல. ஐந்து சிவப்பைக் கொடுத்து ஒரு கத்தியையோ கையுறையையோ பெறலாம் என்ற புதிய ஒப்பந்தத்தை வால்வ் 2025 அக்டோபர் 22-இல் அறிவித்தவுடன், அதுவரை ஏறக்குறையப் பொன் நகையைப் போலவே பாதுகாக்கப்பட்டுவந்த கத்திகளின் விலை சரிந்தது. முந்தைய நாள்வரை கேட்பாரற்றுக் கிடந்த மலிவான சிவப்புகள் பன்மடங்கு ஏறின. ஒன்றிரண்டு நாட்களுக்குள் சந்தையின் மொத்த மதிப்பில் ஏறத்தாழ 200 கோடி டாலர் கரைந்ததாகச் செய்திகள் கூறின. கத்தியின் கூர்மை குறையவில்லை, அதன் சித்திரமும் மங்கவில்லை. பெல்வியூவிலுள்ள சிலர் ஒரு விதியைத் திருத்தி எழுதினார்கள், அவ்வளவே. அபூர்வம் என்பது கடலடியில் முத்து அரிதாக இருப்பதால் ஏற்படும் அபூர்வமாக இருந்தால் அதை நம்பிச் சேமிக்கலாம். ஒரு நிறுவனம் ஆணையிட்டு உண்டாக்கி, ஆணையிட்டே நீக்கத்தக்க அபூர்வத்தைச் சேமிப்பு என்று கருதுவது பெரும் பேதைமை என்பதே என் தீர்மானமான கருத்து.

இந்தச் சந்தையைச் சுற்றி வலைவிரிக்கும் அந்நியர்களைப் பற்றி அதிகம் எழுத வேண்டியதில்லை. ஸ்கின்களைப் பணயமாக வைத்துச் சூதாடும் தளங்கள் இருபத்து மூன்றுக்கு 2016-இலேயே வால்வ் தன் வக்கீல்கள் மூலம் எச்சரிக்கை அனுப்பியது. பெட்டி திறப்பதே சூதாட்டம் என்று 2018-இல் பெல்ஜிய நாட்டு அதிகாரிகள் தீர்ப்பளித்தார்கள். எங்கள் குழுவுக்கு ஓட்டுப் போடு என்று நண்பன் பெயரில் வரும் இணைப்பைத் தொட்டு, ஸ்டீம் பக்கத்தைப் போலவே தோன்றும் போலிப் பக்கத்தில் கடவுச்சொல்லைக் கொடுத்தவர்களின் பொருள்கள் ஒரே இரவில் காணாமற் போயிருக்கின்றன. இப்போது பரிமாற்றங்களை ஏழு நாட்களுக்குள் திருப்பிக்கொள்ளும் வசதி வந்திருக்கிறது என்றாலும், அதை நம்பி அசட்டையாக இருந்துவிடாதே.

உன் விஷயத்தில் என் யோசனை இதுதான். உன் ஏழும் ஒரே தொகுப்பைச் சேர்ந்தவையாக இருந்து, அந்தத் தொகுப்பின் இளஞ்சிவப்புகளில் நீ மெய்யாகவே ஆட்டத்தில் ஏந்த விரும்பும் ஒன்று இருக்குமானால், கைச்செலவுக் காசில் மூன்றை வாங்கி, அம்மாவிடம் சொல்லிவிட்டுக் கையெழுத்திடு. மட்டமானது வந்தால் அதையே ஏந்தி ஆடு, விட்டதைப் பிடிக்கிறேன் என்று இன்னொரு பத்து சேர்க்கப் புறப்படாதே. ஏழும் ஏழு தொகுப்பிலிருந்து வந்தவையானால் ஒப்பந்தத்தை மறந்து, விற்று, உனக்குப் பிடித்த இளஞ்சிவப்பைச் சந்தையில் நேராக வாங்கிவிடு, அதுவே மலிவு. எதற்கும் அவசரப்படாமல், ஏழின் பெயரையும் தொகுப்பையும் ஃப்ளோட் எண்ணையும், அந்தந்தத் தொகுப்பில் மேலே உள்ளவற்றின் இன்றைய விலையையும் ஒரு தாளில் எழுதி அடுத்த கடிதத்தோடு அனுப்பு. சராசரியை நீயே போட்டு அனுப்பு. சரிபார்ப்பது என் வேலை.

இப்படிக்கு,
அன்புள்ள மாமா