மாத்திரையை நிறுத்திய பிறகு

அன்புள்ள கதிர்,

உன் நண்பன் வலி மாத்திரையைக் கரைத்து ஊசியில் ஏற்றிக்கொள்கிறான் என்று எழுதியிருந்தாய். ஒரு வாரம் ரூமில் பூட்டி வைத்தால் தெளிந்துவிடுவான் என்கிறார்களாம் மற்ற பையன்கள். பூட்டாதீர்கள்.

அந்த மாத்திரை அநேகமாக டேபென்டடாலாக இருக்கும். அபின் வகையைச் சேர்ந்தது. நிறுத்தினால் மூக்கு ஒழுகும், வயிறு பிடுங்கும், கால் ஓரிடத்தில் நிற்காது, தூக்கமே வராது. ஒரு வாரம், பத்து நாளில் இது பெரும்பாலும் அடங்கிவிடும். பையன் நன்றாகச் சாப்பிடுவான். வீட்டில் கோயிலுக்கு நேர்த்திக்கடனும் செலுத்திவிடுவார்கள். ஆபத்தான கட்டம் அதற்குப் பிறகுதான். உடம்பு பழைய அளவைத் தாங்கும் சக்தியை இழந்திருக்கும். தெரியாமல் அதே அளவைப் போட்டால் மூச்சு நின்றுபோகும்.

அதனால்தான் அபின் வகைப் பழக்கத்துக்கு டாக்டர்கள் பியூப்ரெனார்ஃபின் கொடுக்கிறார்கள். நாக்குக்கு அடியில் வைத்துக் கரைய விடும் மாத்திரை அது. மெதடோனும் உண்டு. ஏக்கம் தணியும், ஆள் வேலைக்குப் போகலாம். சிலருக்கு வருஷக்கணக்கில் தேவைப்படும். “ஒரு போதையை விட்டு இன்னொரு போதையா?” என்பார் உன் அப்பா. சர்க்கரைக்கு அவர் தினமும் மாத்திரை போடுகிறாரே, அதைப் பற்றி அவரிடம் கேள்! கஞ்சாவுக்கும் மெத்தம்பெட்டமைனுக்கும் இப்படி நிலைபெற்ற மருந்து இல்லை. அங்கே ஆலோசனைதான் பிரதானம். தினமும் அதிகமாகக் குடிப்பவர் திடீரென நிறுத்தினால் வலிப்பும் மனக்குழப்பமும் வரலாம், உயிரே போகலாம். குடியை ஆஸ்பத்திரியில்தான் நிறுத்த வேண்டும்.

ஊசியைப் பகிர்ந்திருந்தால் எச்ஐவிக்கும் ஹெபடைட்டிஸ் சிக்கும் ரத்தப் பரிசோதனை அவசியம்.

சிகிச்சைக்கு இடம் பார்க்கும்போது கவனம் வேண்டும். டாக்டர் இருக்கிறாரா, வீட்டார் வந்து பார்க்கலாமா என்று கேள். சங்கிலியால் கட்டுவதை 2017 மனநலப் பாதுகாப்புச் சட்டம் தடை செய்கிறது. “அடிச்சாத்தான் திருந்துவான்” என்கிற இடத்தில் கால் வைக்காதே. குடியால் கணவரை இழந்த சாந்தி ரங்கநாதன் 1980-இல் சென்னையில் தொடங்கிய டி.டி.கே. மருத்துவமனையில் குடும்பத்தாரையும் உட்காரவைத்துப் பேசுகிறார்கள். எனக்குப் பிடித்த முறை அது. ஏனென்றால் அம்மா அழுவது எப்போது, பணம் கொடுப்பது எப்போது என்று பழக்கத்தில் சிக்கிய பையன்களுக்கு அத்துப்படி.

போலீஸ் பயம் உனக்கு இருக்கிறது, தெரியும். போதைப்பொருள் சட்டத்தின் 64ஏ பிரிவைப் படித்துப் பார். உட்கொண்டது, சிறிய அளவு வைத்திருந்தது போன்ற குற்றங்களில், அடிமையானவர் தானாக முன்வந்து அரசு மருத்துவமனையிலோ அங்கீகரிக்கப்பட்ட மையத்திலோ சிகிச்சை பெற்றால் வழக்கிலிருந்து விலக்கு உண்டு. சிகிச்சையை முடிக்காவிட்டால் விலக்கு பறிபோகலாம்.

14446 கட்டணமில்லாத தேசிய உதவி எண். இன்றே பேசு. அரசு ஆஸ்பத்திரி மனநலப் பிரிவுக்கு அவனோடு நீயும் போ. காலி மாத்திரை அட்டையை மறக்காமல் எடுத்துக்கொள். என்ன போட்டான் என்பது டாக்டருக்குத் தெரிய வேண்டும்.

அன்புடன்,
மாமா