பழைய மாணவர் தரும் கொடை

பம்பாய் ஐ.ஐ.டி.யில் 1973இல் சேர்ந்து மின்பொறியியல் பயின்றவர் நந்தன் நிலேகனி. அங்குச் சேர்ந்து ஐம்பதாண்டு நிறைந்த 2023இல், தம் கல்விக்கூடத்திற்கு 315 கோடி ரூபாய் வழங்க முன்வந்தார். முன்னர் அளித்த 85 கோடியையும் கூட்டினால் 400 கோடி! நம் விடுதியில் தொகையைப் பற்றியே பேச்சு. 2005 முதல் 2011 வரை அந்நிறுவனத்தின் ஆட்சிக் குழுவில் அவர் அமர்ந்து உழைத்ததே எனக்குப் பெரிதாகப் படுகிறது.

கோடி இல்லாதவரும் உபகாரச் சம்பள நிதி அமைக்கலாம், நண்பர்களே! பத்துப் பேர் ஆளுக்கொரு லட்சம் போட்டால் முதல் பத்து லட்சம். அதைத் தொடலாகாது. நூற்றுக்கு ஆறு வட்டியென்றால் ஆண்டுக்கு 60,000 ரூபாய். அதனை முழுவதும் செலவிட்டால், விலைவாசி ஏற ஏற நிதி மெலியும். ஆகவே 40,000 ரூபாயை ஏழை மாணவனுக்குத் தந்து, எஞ்சியதை முதலோடு சேர்த்தல் நன்று.

ஆனால், குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி ஏறியவனுக்குப் பணம் மட்டும் போதுமா? எந்தத் தேர்வுக்கு எப்போது விண்ணப்பிப்பது, பேராசிரியருக்கு எவ்வாறு எழுதுவது என்பதை யார் சொல்வார்? தமிழகத்தை விட்டு இங்கு வந்த முதலாண்டில் ஊருக்கே திரும்பிவிட எண்ணியிருந்தேன். பொறியியல் முடித்து வேலையிலிருந்த நம் மன்றத்து அண்ணன் ஒருவர், ஞாயிறுதோறும் அரைமணி நேரம் தொலைபேசியில் என் பாடங்களைப் பற்றிக் கேட்பார். ஒரு பைசா தந்தாரில்லை. நான் நின்றுவிட்டேன்.

அடுத்த ஆண்டு முதுகலைப் பட்டத்துடன் வெளியேறுவேன். இயற்பியல் படித்தவனுக்கு லட்சம் சேர நாளாகும்! ஞாயிற்றுக்கிழமை இருக்கிறது. முதலாண்டு மாணவர் இருவரை மன்றச் செயலாளர் என்னிடம் ஒப்படைக்கலாம்.