தோப்பில் கல்யாணமா? காற்றைக் கேட்டுப் பாதை போடுங்கள்

மகள் கல்யாணத்தை மண்டபத்தில் வைக்காமல் எங்கள் தென்னந்தோப்பிலேயே வைத்தோம். தோவாளைக்கும் ஆரல்வாய்மொழிக்கும் நடுவில் இருக்கிற தோப்பு. மாதம் ஆவணி. இடத்தையும் மாதத்தையும் சேர்த்துச் சொன்னாலே எங்கள் பக்கத்து ஆட்கள் காற்றைப் பற்றித்தான் முதலில் கேட்பார்கள். மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்கோடியில் இருக்கிற கணவாய் இது. தென்மேற்குப் பருவக்காற்று அந்த இடுக்கில் நெருக்கிப் பிடித்து நுழைந்து, சீறிக்கொண்டு வெளியே வரும். அதை நம்பித்தான் முப்பந்தலில் அத்தனை காற்றாலைகள் நிற்கின்றன. ஆடியோடு அது போய்விடாது, ஆவணியிலும் வீசும்.

இதையெல்லாம் நான் முதல் நாளே சொன்னேன். கேட்டது யார்? என் கொழுந்தனார் வெளியூரிலிருந்து ஒரு அலங்காரக்காரரைக் கூட்டி வந்தார். தோப்பு வாசலிலிருந்து மணமேடைவரை வெள்ளை வளைவுகளை வரிசையாக நிறுத்தி, ஒவ்வொன்றிலும் சாட்டின் துணியை முழுசாகக் கட்டி, கீழே சிவப்புக் கம்பளம் விரிப்பதாகத் திட்டம். படத்தில் அழகாகத்தான் இருந்தது. "காத்துக்கு நிக்குமா தம்பி?" என்றேன். "மேடம், டென்ஷன் ஆகாதீங்க. நாங்க பீச்லயே பண்ணியிருக்கோம்" என்றார். கடற்கரைக் காற்று வேறு, கணவாய்க் காற்று வேறு என்று நான் சொன்னது அவர் காதில் ஏறவில்லை. வீட்டு ஆண்களுக்கும் ஏறவில்லை.

தப்பு எங்கே என்று சரியாகச் சொல்கிறேன், ஏனென்றால் எல்லாச் செலவும் அதில்தான் போயிற்று. எங்கள் பாதை கிழக்கு வாசலிலிருந்து மேற்கே மேடைக்குப் போகிறது. காற்று மேற்கிலிருந்து வருகிறது. பாதைக்குக் குறுக்கே நிற்கிற துணி வளைவு ஒவ்வொன்றும் அந்தக் காற்றை நேர் நெஞ்சில் வாங்கும் பாய்மரம். அவற்றை மண்ணில் ஊன்றவும் இல்லை. இரும்புத் தகட்டின்மேல் நிறுத்தி, தகட்டின்மேல் மணல் மூட்டை வைத்திருந்தார்கள். முகூர்த்தத்துக்கு முந்தின ராத்திரி மேடைப்பக்கத்து வளைவு முதலில் சாய்ந்தது. அது அடுத்ததன் மேல், அது அதற்கடுத்ததன் மேல். கம்பளம் சுருண்டு தென்னை மூட்டில் போய் ஒட்டிக்கொண்டது. ஆள் யாரும் அடியில் இல்லை, குலதெய்வம் காப்பாற்றியது. அலங்காரக்காரர் போனை எடுக்கவில்லை.

பந்தல் போட்ட அண்ணாச்சி அங்கேதான் படுத்திருந்தார். எழுந்து வந்து பார்த்தார். "நான் அன்னைக்கே சொல்லணும்னு நெனச்சேம்மா. நீங்க கவலைப்படாதீங்க, விடியமுன்ன கெட்டிருவோம், பாத்துக்கிடுங்க" என்றார். கடப்பாரையால் 2 அடி ஆழத்துக்குக் குழி தோண்டி, கமுகு மரத்தை வெட்டி ஊன்றி, மண்ணை இடித்து இறுக்கினார்கள். கம்புக்குக் கம்பு தேங்காய்நார்க் கயிறு. நனைத்துக் கட்டினால் முடிச்சு நழுவாது. அதில் குருத்தோலைத் தோரணம். தோரணம் பின்னும்போது அண்ணாச்சி பையன்களின் கையை நான் பார்த்துக்கொண்டே இருந்தேன்: இளம் மஞ்சள் ஓலையைக் கிழித்து, மடித்து, குருவி குருவியாக இறக்குகிறார்கள். மங்கல வீட்டுக்கு நாலு குருவி, தலை மேல்நோக்கி. துக்க வீட்டுக்கென்றால் மூன்று. இது தெரியாத ஆளிடம் தோரண வேலையைக் கொடுக்காதீர்கள். ஓலை கீற்றுக் கீற்றாக இருப்பதால் காற்று அதன் வழியே போய்விடுகிறது. ஆடும், விழாது. துணிதான் வேண்டுமென்று பிள்ளைகள் அடம்பிடித்தால் நாடாவாகக் கிழித்துத் தொங்கவிடுங்கள், முழுத்துணி வேண்டவே வேண்டாம்.

வாசலில் குலைவாழை, இளநீர்க்குலை, கமுகங்குலை எல்லாம் நீங்களும் கட்டுவீர்கள், அதை நான் சொல்ல வேண்டியதில்லை.

பூ விஷயம். மல்லிகை மொட்டாக வந்து சாயங்காலம் விரியும் பூ. அதை முந்தின நாள் சாயங்காலமே பாதையில் சரம் சரமாகத் தொங்கவிட்டிருந்தார் அந்த அலங்காரக்காரர். காலையில் மாப்பிள்ளை வரும்போது பழுப்புதான் மிஞ்சும். மல்லியும் பிச்சியும் தலைக்கு. வெட்டவெளியில் நிற்கக் கேந்தி, கோழிக்கொண்டை, வாடாமல்லி. வாசலுக்கு மட்டும் தோவாளை மாணிக்க மாலை சொல்லியிருந்தேன். அரளியும் பச்சிலையும் வைத்துப் பாய் முடைந்ததுபோல் தட்டையாகக் கட்டுவது. 2025-ல் புவிசார் குறியீடு கிடைத்த மாலை. காற்றில் அதன் ஒரு பூகூட உதிரவில்லை. ஒன்றை மறக்காதீர்கள்: ஆவணியில் ஓணம் வரும். கேரள வியாபாரிகள் தோவாளைச் சந்தையில் அள்ளிக்கொண்டு போவார்கள், விலை தாறுமாறாக ஏறும். ஓணத்துக்கு முந்தின வாரத்தில் முகூர்த்தம் என்றால் பூவுக்கு முன்பணம் முன்னாடியே கொடுத்துவிடுங்கள்.

பாதையின் அகலம் 8 அடிக்குக் குறையக் கூடாது. அலங்காரக்காரரின் ஆட்கள் 4 அடிதான் போட்டிருந்தார்கள், போட்டோவுக்கு எடுப்பாக இருக்குமாம். முன்னால் நாகஸ்வரம், தவிலைக் குறுக்கே மாட்டிக்கொண்டு தவில்காரர், பின்னால் பெண்ணும் தாய்மாமனும் தட்டு ஏந்திய பெண்களும் வரவேண்டிய வழி இது. கம்பளமும் வேண்டாம். மணலில் அதன் ஓரம் மடங்கும், பட்டுச்சேலை கட்டிய கிழவிகள் தடுக்கி விழுவார்கள். நாங்கள் தண்ணீர் தெளித்து மண்ணை இறுக்கி, சாணம் மெழுகி, அரிசிமாவைக் கரைத்துக் கோலம் போட்டோம். பொடிக்கோலம் அந்தக் காற்றில் அரை நிமிஷம் நிற்காது. ஓரத்தில் இதழ் தூவாமல் முழுக் கேந்திப்பூவை நெருக்கி வைத்தோம். குத்துவிளக்கு மேடையில் மறைவாக ஒன்று மட்டும். பாதையோரம் நிறைநாழியில் நெல்லும் தென்னம்பாளையும். நெல்லின் கனத்துக்கு அது அசையாது.

வெயிலையும் கணக்குப் பண்ணுங்கள். கிழக்குப் பார்த்து உட்காரும் மாப்பிள்ளை பெண் முகத்தில் காலை வெயில் சாய்வாக அடிக்கும், மேற்கூரை அதற்கு உதவாது. பந்தலின் கிழக்கு விளிம்பில் ஓலைத்தட்டியைத் தாழ இறக்கச் சொல்லுங்கள்.

அலங்காரக்காரருக்கு முக்கால்வாசிப் பணம் முன்னாடியே போய்விட்டது. அதுவும் கொழுந்தனார் கொடுத்ததுதான். மீதிக்கு இன்னும் போன் வருகிறது. "பாவம், குடுத்துரலாம் மைனி" என்கிறார் கொழுந்தனார். ராத்திரி முழுக்கக் குழி தோண்டிய அண்ணாச்சிக்கும் பையன்களுக்கும் அந்தப் பணத்தை எடுத்து நான் கொடுத்தாயிற்று.