விழித்திரை விலகினால் விரைந்து செல்வோம்!



ஆண்டு மலருக்குக் கட்டுரை கேட்டபோது நம் துறையில் பலரும் ரோபோ, மின்சாரக் கார் என்று தலைப்பு கொடுத்தார்கள். நான் 'கண்' என்று எழுதிக் கொடுத்தேன். "நீ என்ன டாக்டருக்கா படிக்கிற? மெக்கானிக்கல்தானேடா?" என்று நண்பர்கள் சிரித்தார்கள். சிரிக்கட்டும். நான் இதை எழுதுவதற்கு ஒரு காரணம் இருக்கிறது. அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் வீட்டில் நடந்தது

என் அப்பா தையற்காரர். சின்ன வயதிலிருந்தே தடித்த மைனஸ் கண்ணாடி போடுபவர். 'சோடாபுட்டி டெய்லர்' என்று கேட்டால்தான் எங்கள் தெருவில் வீட்டைக் காட்டுவார்கள். வலது கண்ணில் புரை விழுந்து, அறுவை சிகிச்சை செய்து லென்ஸ் வைத்தார்கள். நல்லபடியாக முடிந்தது. கட்டுப் பிரித்த அடுத்த வாரமே தானாக ஊசியில் நூல் கோத்து, "பாத்தியா!" என்று அம்மாவிடம் காட்டினார்.

ஒன்பது மாதம் கழித்து, எனக்கு செமஸ்டர் தேர்வு நடந்துகொண்டிருந்தது. ஒரு நாள் ராத்திரி அப்பா சொன்னார்: "தம்பி, கண்ணு ஓரத்துல மின்னல் மாதிரி வெட்டுதுடா. கொசு பறக்கிற மாதிரியும் இருக்கு." மறுநாள் எனக்குப் பொருட்களின் வலிமை பேப்பர். புத்தகத்தை விட்டுத் தலையைத் தூக்காமல், "பவர் மாறியிருக்கும்ப்பா. பரீட்சை முடியட்டும், போய்ப் பார்க்கலாம்" என்றேன். வலி இல்லை, கண் சிவக்கவும் இல்லை. அதனால் அப்பாவும் அதோடு விட்டுவிட்டார்.

பன்னிரண்டாம் நாள் காலையில், "கீழேயிருந்து கறுப்புத் துணி மாதிரி ஏறி வந்து மறைக்குதுடா" என்றார். அன்றைக்குத்தான் ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். பஸ்ஸில் போகும்போது பழைய டிஸ்சார்ஜ் அட்டையை எடுத்துப் படித்தேன். 'ஒளி வெட்டினால், கரும்புள்ளிகள் மிதந்தால், பார்வையில் திரை விழுந்தால் உடனே வரவும்' என்று ஆங்கிலத்தில் அச்சடித்திருந்தது. எங்கள் வீட்டில் ஆங்கிலம் படிக்கத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். அந்த அட்டை ஒன்பது மாதமாகத் தகரப் பெட்டிக்குள் கிடந்தது.

அந்த அட்டையில் இருந்ததைத் தமிழில், காரணத்தோடு சொல்வதுதான் இந்தக் கட்டுரை.

விழித்திரை என்றால் என்ன?

கண்ணைக் கேமராவுக்கு ஒப்பிடுவது நாம் அறிந்ததே. முன்னால் கார்னியாவும் லென்சும் ஒளியைக் குவிக்கின்றன. பின்சுவரில் பிம்பம் விழும் இடம்தான் ரெட்டினா என்னும் விழித்திரை. அந்தக் காலக் கேமராவில் பிலிம், இன்றைய போனில் சென்சார் எதுவோ, கண்ணில் அது விழித்திரை. அதன் கனம் அரை மில்லிமீட்டர்கூட இல்லை. அதற்குள் மங்கிய ஒளியில் பார்க்க உதவும் குச்சி செல்கள் சுமார் 12 கோடி, நிறத்தையும் நுணுக்கத்தையும் காட்டும் கூம்பு செல்கள் சுமார் 60 லட்சம் இருக்கின்றன. நடுவில் மாக்குலா என்று ஒரு சிறு பகுதி உண்டு. எழுத்துப் படிப்பதும், வெர்னியர் அளவு பார்ப்பதும், ஊசியில் நூல் கோப்பதும் அந்த இடத்தால்தான்.

லென்ஸ் கெட்டால் மாற்றலாம். விழித்திரைக்கு ஸ்பேர் பார்ட் கிடையாது. நண்பர்களே, இந்த ஒரு வித்தியாசத்தை மனதில் வையுங்கள்.

அது எப்படி விலகுகிறது?

கண்ணின் உள்ளே விட்ரியஸ் என்ற கூழ் நிரம்பியிருக்கிறது. கிட்டத்தட்ட 4 மில்லி. அதில் 98 சதவீதத்துக்கு மேல் தண்ணீர்தான். வயது ஆக ஆக இந்தக் கூழ் நீர்த்துச் சுருங்கி, விழித்திரையை விட்டுப் பிரியும். பெரும்பாலானவர்களுக்கு இது தீங்கில்லாமல் நடந்துவிடும். சிலருக்கு மட்டும், கூழ் எங்காவது இறுகப் பிடித்திருக்கும் இடத்தில் விழித்திரையை இழுத்துக் கிழித்துவிடும்.

சுவரில் ஒட்டிய போஸ்டரை நினைத்துப் பாருங்கள். கிழியாதவரை மழை பெய்தாலும் ஓரளவு நிற்கும். ஓரிடத்தில் கிழிந்துவிட்டால் தண்ணீர் பின்னால் இறங்கி, முழுப் போஸ்டரும் உரிந்து வந்துவிடும். கண்ணிலும் அதே கதைதான். கிழிசல் வழியாக நீர் பின்னால் புகுந்து விழித்திரையைச் சுவரிலிருந்து பிரிக்கிறது. ஒளியை உணரும் செல்களுக்குப் பின்சுவரின் ரத்தக் குழாய்களிலிருந்துதான் பிராணவாயுவும் உணவும் வருகின்றன. பிரிந்தால் பட்டினி. பட்டினி நீண்டால் செல்கள் சாகும்.

மின்னல் ஏன் வெட்டுகிறது? இழுபடும் விழித்திரைக்கு வலியைச் சொல்லத் தெரியாது. அதற்குத் தெரிந்த ஒரே மொழி ஒளி. அதனால் 'என்னை இழுக்கிறார்கள்' என்பதை ஒளியாகச் சொல்கிறது. அப்பாவுக்குத் திரை கீழேயிருந்து ஏறியதற்கும் காரணம் உண்டு. லென்ஸ் பிம்பத்தைத் தலைகீழாக்கும் என்று இயற்பியலில் படித்தோமே! அவருக்கு விலகியது விழித்திரையின் மேல்பகுதி.

யாருக்கு இது வரும்? அதிக மைனஸ் பவர் உள்ளவர்களுக்கு வாய்ப்பு அதிகம். அவர்களுடைய கண் நீண்டிருப்பதால் விழித்திரை இழுபட்டு மெலிந்திருக்கும். கண்ணில் பலமாக அடிபட்டவர்களுக்கும் வரலாம். புரை அறுவை சிகிச்சைக்குப் பிறகும் வரலாம். அது நூறு பேரில் ஒருவருக்கும் குறைவுதான். ஆகவே புரை ஆபரேஷனுக்கு யாரும் பயப்பட வேண்டாம். அது பல கோடிப் பேருக்குப் பார்வை கொடுத்த சிகிச்சை. ஆனால் என் அப்பாவிடம் அதிக மைனஸ், புரை சிகிச்சை இரண்டுமே இருந்தன.

ஒட்டும் வித்தை வந்த வழி

1851-ல் ஜெர்மனியின் ஹெல்ம்ஹோல்ட்ஸ் தன் ஆப்தால்மோஸ்கோப் கருவியை வெளியிட்டார். அதன் பிறகுதான் உயிருள்ள மனிதனின் விழித்திரையை டாக்டர்கள் நேராகப் பார்த்தார்கள். பார்த்தும், விலகியதை ஒட்ட வழி தெரியவில்லை. நோயாளிகளை வாரக்கணக்கில் ஆடாமல் படுக்க வைத்தார்கள். சுவிட்சர்லாந்தின் ஜூல் கோனின் 1920-களில் மூலகாரணத்தைப் பிடித்தார்: 'கிழிசலைக் கண்டுபிடி, அதை அடை.' பழுதுபார்க்கும் எவரும் ஒப்புக்கொள்ளும் விதி!

ஜெர்மனியின் மேயர்-ஷ்விக்கராத், 1945-ல் கிரகணத்தை வெறும் கண்ணால் பார்த்து விழித்திரையைச் சுட்டுக்கொண்ட ஒருவரின் காயத்தைக் கவனித்தார். ஒளி சுடும் என்றால், அதே ஒளியால் கிழிசலைச் சுற்றிப் பற்றவைக்கலாமே என்று யோசித்தார். முதலில் கண்ணாடிகள் வழியே சூரிய ஒளி, பிறகு செனான் விளக்கு. 1960-ல் லேசர் பிறந்ததும் அந்த இடத்தை லேசர் பிடித்துக்கொண்டது. நம் பாஷையில் சொன்னால் இது ஸ்பாட் வெல்டிங். 1970-களின் தொடக்கத்தில் ராபர்ட் மாக்கமர், நுண்ணிய கருவியைக் கண்ணுக்குள் விட்டு விட்ரியசை வெட்டி உறிஞ்சும் முறையைக் கொண்டுவந்தார். அப்பாவுக்குச் செய்தது அந்த விட்ரெக்டமிதான்.

சிகிச்சைக்கும் ஒரு விலை உண்டு

விட்ரியசை எடுத்த இடத்தில் வாயு நிரப்புவார்கள். வாயு மேலே மிதந்து கிழிசலை அழுத்தி மூடும். கிழிசல் எங்கே இருக்கிறதோ அதற்கேற்ப, குப்புறவோ பக்கவாட்டிலோ தலையை வைக்கச் சொல்வார்கள். வாயு கரையும்வரை விமானப் பயணம் கூடாது, மலை ஏறக் கூடாது. ஏன்? பாயில் விதி. விமானத்துக்குள் காற்றழுத்தம் தரையில் உள்ளதில் முக்கால் பங்கு அளவுக்குக் குறையும். 3 மில்லி வாயு 4 மில்லியாக விரியப் பார்க்கும். கண் பலூன் இல்லையே! உள்ளழுத்தம் ஏறி ரத்த ஓட்டம் நின்று, பார்வையே போகலாம். ஊட்டியில் நடந்த சொந்தக்காரர் கல்யாணத்துக்கு அப்பா போகவில்லை. பாயில் விதியை நான் காப்பியில் வரைந்து காட்டிய பிறகுதான் அம்மாவின் கோபம் தணிந்தது.

வேறு சிகிச்சைகளிலும் இந்தக் கணக்கு உண்டு. முற்றிய சர்க்கரை நோயில் விழித்திரையில் பலவீனமான புது ரத்தக் குழாய்கள் முளைத்துக் கசியும். அதற்கு ஓரப்பகுதியில் நூற்றுக்கணக்கான லேசர் புள்ளிகள் வைப்பார்கள். நடுப்பார்வை தப்பும், ஆனால் ஓரப்பார்வையும் இரவுப் பார்வையும் கொஞ்சம் குறையலாம். மூட்டுவாதத்துக்குத் தரும் ஹைட்ராக்சிகுளோரோகுயின் மாத்திரை, பல வருடம் சாப்பிட்டால் மாக்குலாவைப் பாதிக்கக்கூடும். அதனால் கண் பரிசோதனையோடு சாப்பிட வேண்டும். 1940-களில் குறைமாதக் குழந்தைகளைக் காப்பாற்றத் தாராளமாகக் கொடுத்த ஆக்சிஜனே அவர்களின் விழித்திரையைக் கெடுத்தது. 1950-களில்தான் அது உறுதியானது. இதனால் மருத்துவம் வேண்டாம் என்று அர்த்தமில்லை. டாக்டர் சொல்லும் 'பிறகு வந்து காட்டுங்கள்' என்பதும் மருந்தில் பாதி என்று அர்த்தம்.

நம் ஒர்க்‌ஷாப்பில்

உளித்தலை காளான் மாதிரி விரிந்த பிறகும் நாம் சுத்தியலால் அடிக்கிறோம். அதிலிருந்து தெறிக்கும் துணுக்கு கண்ணுக்குள் புகுந்துவிடலாம். பல சமயம் 'சுருக்' என்றதோடு சரி. இரும்புத் துணுக்கு உள்ளேயே தங்கினால் துருவைப் போல் இரும்புச்சத்து பரவி, மாதங்களில் விழித்திரையைக் கெடுக்கும். துணுக்கு உள்ளே இருக்கும் சந்தேகம் இருந்தால் எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுக்கவே கூடாது. காந்தம் அதை இழுத்துவிடும். டாக்டரிடம் 'இரும்பு அடிக்கும்போது தெறித்தது' என்று மறக்காமல் சொல்லுங்கள். கிரைண்டிங், சிப்பிங் செய்யும்போது பாதுகாப்புக் கண்ணாடி போடுவது லேப் மார்க்குக்காக அல்ல.

நினைவில் வைக்க

1. திடீரென மின்னல் வெட்டு, திடீரெனப் பல கரும்புள்ளிகள், திரை விழுவது — இவற்றில் ஒன்று வந்தாலும் அன்றே கண் டாக்டரிடம் போக வேண்டும். வலி வரட்டும் என்று காத்திருக்கக் கூடாது.

2. சொட்டு மருந்து விட்டுப் பாப்பாவை விரித்து விழித்திரையைப் பார்க்கச் சொல்லுங்கள். கண்ணாடிக் கடையில் பவர் பார்ப்பது இதற்குப் போதாது.

3. கிழிசலாக இருக்கும்போதே லேசரால் அடைத்துவிடலாம். மாக்குலா விலகுவதற்குள் போய்விட்டால் பார்வை பெரும்பாலும் தப்பும்.

4. சர்க்கரை உள்ளவர்களும், அதிக மைனஸ் பவர் உள்ளவர்களும் டாக்டர் சொல்லும் இடைவெளியில், குறை தெரியாவிட்டாலும், விழித்திரையைக் காட்ட வேண்டும்.

5. வீட்டுக்கு வரும் ஒவ்வொரு மருத்துவ அட்டையையும் படித்துக் காட்டுங்கள். அது நம் வேலை.

சென்னையில் 1819-லேயே கண் மருத்துவமனை தொடங்கிய மாநிலம் நம்முடையது. டாக்டர்கள் இருக்கிறார்கள், கருவிகள் இருக்கின்றன. நேரத்தில் போய்ச் சேருவதுதான் நம் கையில் இருக்கிறது.

அப்பாவின் விழித்திரை ஒட்டிக்கொண்டது. ஆனால் நாங்கள் போவதற்குள் மாக்குலா விலகியிருந்தது. அந்தக் கண்ணில் இப்போது பெரிய எழுத்து மட்டும் தெரிகிறது. இடது கண்ணில் மெலிந்திருந்த இடத்தைச் சுற்றி லேசர் வைத்திருக்கிறார்கள். அதை வைத்துத்தான் தைக்கிறார். எனக்கும் மைனஸ் 6. போய்க் காட்டினேன், இப்போதைக்குப் பயமில்லை, வருடம் ஒரு முறை வா என்றார்கள்.

அந்தப் பேப்பரில் நான் 81 மார்க். அப்பா அதை எல்லாரிடமும் பெருமையாகச் சொல்கிறார். நான் தினமும் காலேஜ் கிளம்பும் முன் பத்து ஊசியில் நூல் கோத்து, மெஷின் பக்கத்தில் குத்தி வைத்துவிட்டு வருகிறேன்.

இதைப் படித்த நண்பர் ஒருவராவது, வீட்டில் யாராவது 'கண்ணு மின்னுது' என்று சொன்னால், புத்தகத்தை மூடிவிட்டு உடனே எழுந்தால் போதும்.