தூக்காமலே கணிக்கும் உச்ச எடை

உடலின் ஒழுங்கு கெடாமல் ஒரே ஒரு முறை மட்டும் தூக்கி முடிக்க முடிகிற எடைக்கு ஜிம் வழக்கில் 'ஒன் ரெப் மேக்ஸ்' என்று பெயர். பயிற்சி அட்டவணை முழுக்க இந்த எண்ணை நம்பித்தான் நிற்கிறது. வலிமை கூட இதில் 85 சதவீதமும் அதற்கு மேலும், தசை பெருக ஏறக்குறைய 67 முதல் 85 சதவீதம் வரையும் என்பது பொதுக் கணக்கு.

உச்சத்தை நேரடியாகவே தூக்கிக் காட்டும் இடம் போட்டி மேடை. 2014 கிளாஸ்கோ காமன்வெல்த் போட்டியில், 77 கிலோ பிரிவில், வேலூர் சத்துவாச்சாரியின் சதீஷ் சிவலிங்கம் ஸ்னாட்சில் 149, கிளீன் அண்ட் ஜெர்க்கில் 179 என மொத்தம் 328 கிலோ தூக்கித் தங்கம் வென்றார். தென்மாவட்ட ஊர்களின் இளவட்டக்கல்லும் இதே சோதனைதான். அதில் சதவீதமெல்லாம் கிடையாது, கல் தோளுக்கு ஏறியதா இல்லையா என்பதே பேச்சு. ஓசூர் சிப்காட்டில் எட்டு மணி நேரம் நின்று வேலை பார்த்துவிட்டு கெலவரப்பள்ளிப் பக்கம் வீடு திரும்புகிற ஆளுக்கு இந்தச் சோதனை தேவையில்லை. கணித்தால் போதும்.

கணிப்புக்கு இரண்டு சூத்திரங்கள் பெயர்பெற்றவை. பாய்ட் எப்லியின் 1985 சூத்திரத்தில், ரெப் எண்ணிக்கையை 30ஆல் வகுத்து, ஒன்றைக் கூட்டி, எடையால் பெருக்க வேண்டும். மேட் பிரிஸ்கியின் 1993 சூத்திரத்தில், எடையை 36ஆல் பெருக்கி, 37இலிருந்து ரெப்பைக் கழித்து வரும் எண்ணால் வகுக்க வேண்டும். பெஞ்ச் பிரஸ்ஸில் 60 கிலோவை ஐந்து முறை தூக்கியவருக்கு எப்லி 70 தருகிறார், பிரிஸ்கி 67.5. பத்து ரெப்பில் இரண்டும் ஒரே 80 கிலோவில் சந்திக்கின்றன. பத்தைத் தாண்டினால் இரண்டும் விலகிப்போகும். அங்கே அளக்கப்படுவது வலிமையை விட மூச்சும் பொறுமையும்தான். ஆகவே மூன்று முதல் ஆறு ரெப்புக்குள் முடிகிற எடையே கணிப்புக்கு ஏற்றது.

எந்தச் சூத்திரம் சரி என்ற வாதத்தில் பெரிய பொருள் இல்லை. 70இல் 80 சதவீதம் 56; 67.5இல் 54. சின்ன பிளேட் 2.5 கிலோ என்றால், இரண்டுக்கும் ராடில் ஏறப்போவது 55தான்.

பிழை உண்மையில் ராடில் இருக்கிறது. ஆண்களுக்கான ஒலிம்பிக் ராடு 20 கிலோ, பெண்களுக்கானது 15. தெருமுனை ஜிம்களின் மெல்லிய ராடு அதைவிடக் குறைவாகவே இருக்கும். 12 கிலோ ராடை 20 என்று எண்ணியவர் 60 என நோட்டில் எழுதியது உண்மையில் 52. பிரிஸ்கி கணக்கில் அவர் உச்சம் 58.5, அவர் நம்புவதோ 67.5. அதே ஜிம்மில் இருக்கும்வரை இது தெரியாது. வேலை மாறி அத்திப்பள்ளியிலோ பொம்மசந்திராவிலோ வேறு ஜிம்மில் சேர்ந்து, நிஜமான 20 கிலோ ராடுக்குக் கீழே படுக்கும்போது தெரியும். ராடைப் பிடித்துக்கொண்டு எடை பார்க்கும் மெஷினில் ஏறி நின்று, தன் எடையைக் கழித்தால் விஷயம் முடிந்தது.

அடுத்த பிழை எண்ணிக்கையில். பார்த்துக்கொள்ள நிற்பவர் இரண்டு விரலால் ராடைத் தொட்டுவிட்டால் அந்த ரெப் கணக்கில் சேராது. மார்பில் மோதி எழும்பியதும், பாதி இறக்கியதும் அப்படியே. நண்பர்கள் இதை ஒப்புக்கொள்வது அபூர்வம்.

நைட் ஷிஃப்ட் முடித்த காலையில் எடுத்த எண்ணை, விடுப்பு நாள் மாலை எண்ணோடு ஒப்பிட்டுப் பயனில்லை. தூக்கம் குறைந்தால் எண்ணும் இறங்கும். ஷிஃப்ட் மாறிய வாரத்தில் சோதனையே வேண்டாம். ஆறு முதல் எட்டு வாரத்துக்கு ஒரு முறை, அதே ஷிஃப்டில், அதே நேரத்தில், அதே ராடில் பார்த்தால் போதும். பெஞ்ச் பிரஸ்ஸில் தலைமாட்டில் ஆள் இல்லாத நாளில் அதையும் தள்ளிப்போடுங்கள்.