வேடந்தாங்கல் உணர்த்தும் கூட்டு வாழ்வு

சத்திமுத்தப் புலவர் தம் வறுமையை மனையாளுக்கு உரைக்க நாரையைத் தூது விடுத்ததைத் தமிழுலகம் நன்கறியும். அப்புலவர் நோக்கிய பறவையினத்தை நாமும் சற்றே நோக்கின், கற்கத்தக்கன பல உள. நெல்லிக்குப்பத்து வயல்களில் பரந்து இரை தேடும் கொக்கு, கூடு கட்டுங்கால் பெருங்கூட்டத்தை நாடுவது ஏன்? செங்கற்பட்டு மாவட்டத்து வேடந்தாங்கல் ஏரி இதற்கு விடை தருகிறது.

இடத் தேர்வு

ஏறத்தாழ 30 எக்டேர் பரப்புடைய இவ்வேரியில் நீர்க்கடம்பும் கருவேலும் நீருக்குள்ளேயே நிற்கின்றன. வடகிழக்குப் பருவமழையால் ஏரி நிரம்பியபின் நத்தைகுத்தி நாரை, கூழைக்கடா, அரிவாள்மூக்கன், நீர்க்காகம், வக்கா முதலியன அவற்றில் கூடமைக்கின்றன. மரத்தைச் சூழ்ந்த நீர் கோட்டையைச் சூழ்ந்த அகழி போன்றது. காட்டுப்பூனை, கீரி முதலிய பகைகள் எளிதில் அணுகா. சுற்றுப்புற ஏரிகளும் நன்செய்களும் மீன், நத்தை, தவளைகளை இரையாக வழங்குகின்றன. மழை பொய்த்தாலோ அகழியும் இல்லை, இரையும் இல்லை. பறவைகள் வேறிடம் நாடும்.

கூட்டத்தின் பயனும் இடரும்

பல கண்கள் விழித்திருப்பதால் பருந்தின் வரவு விரைவில் புலப்படும். பல கூடுகளில் ஒரே காலத்தில் குஞ்சுகள் இருத்தலால், பகை கவர்வன சில, பிழைப்பன பல. எனினும் பூசலும் உண்டு. விளிம்பிலுள்ள கூடுகளுக்கு இடர் மிகுதியாதலின் நடுவிடத்துக்குப் போட்டி நிகழும். காவலற்ற கூட்டின் சுள்ளிகளை அயற்பறவை திருடும். ஆகவே இணையுள் ஒன்று காவலிருக்க, மற்றொன்று வெளிச்செல்லும். அண்டைக் கூடுகளின் இடைவெளி, பெரும்பாலும் ஒன்றன் அலகு மற்றொன்றை எட்டாத அளவினதாக அமையும். நெருங்கி வாழ்வோர்க்கு எல்லையறிதல் இன்றியமையாதது என்பது இதனாற் பெறப்படும்.

மக்கள் தந்த காவல்

ஆங்கிலச் சிப்பாய்கள் பறவைகளைச் சுட்டபோது ஊரார் முறையிட, 1798-இல் ஆட்சியர் லயனல் பிளேஸ் பாதுகாப்பு ஆணை வழங்கினார். பறவை எச்சம் கலந்த ஏரிநீர் பயிருக்கு உரமாதலை உழவர் அறிந்திருந்தனர். 2022-இல் இவ்வேரி ராம்சர் பட்டியலில் இடம்பெற்றது. சிவகங்கை மாவட்டத்துக் கொள்ளுக்குடிப்பட்டி மக்களோ, தம்மை நம்பி வந்த பறவைகளுக்காகத் தீபாவளியன்றும் வெடி வெடிப்பதில்லை.

ஆணை இருந்தாலும் ஏரி வறண்டால் பறவை தங்காது. நீர் இருந்தாலும் ஊரார் துன்புறுத்தினால் தங்காது. நம் ஊர் ஏரியும் அதன் வரத்துக் கால்வாயும் தூர்ந்துபோகாமற் காப்பது நம் கடன். அண்டை அயலாரோடு வாழும் முறையை அம்மரக்கிளைகளிலிருந்தும் கற்கலாம். மாணவச் செல்வங்கள் ஒருமுறை நேரிற் சென்று, ஓசையின்றி நின்று கண்டு வருவாராக.