ஸ்டாக்ஹோமில் கிறிஸ்துமஸ் சந்தை: பகலில் ஒன்று, இருட்டியபின் ஒன்று

ஸ்வீடன் தலைநகர் ஸ்டாக்ஹோமில் நவம்பர் கடைசி வாரத்திலேயே கிறிஸ்துமஸ் சந்தைகள் கூடத் தொடங்கிவிடும். கிறிஸ்துமஸுக்கு முந்தைய நான்கு ஞாயிற்றுக்கிழமைகளை உள்ளடக்கிய திருவருகைக் காலமே இவற்றின் பருவம். நகரில் சந்தைகள் பல இருந்தாலும், வெளியூரிலிருந்து வருபவர் தவறவிடக் கூடாதவை இரண்டு. ஒன்று, பழைய நகரமான காம்லா ஸ்டானின் நடுச் சதுக்கத்தில் கூடுவது. மற்றொன்று, யூர்கோர்டென் தீவில் உள்ள ஸ்கான்சென் திறந்தவெளி அருங்காட்சியகத்துக்குள் கூடுவது.

எதை எப்போது பார்ப்பது என்பதைச் சூரியன்தான் தீர்மானிக்கிறது. டிசம்பர் நடுவில் இங்கே காலை 8.45 வாக்கில்தான் பொழுது விடிகிறது. பிற்பகல் 3 மணி ஆவதற்குள் சூரியன் மறைந்துவிடுகிறது. மொத்தம் ஆறு மணி நேரப் பகல், அதிலும் பாதி நாள் மேகமூட்டம். ஆகவே ஸ்கான்செனைக் காலையிலும் பழைய நகரத்துச் சந்தையை இருட்டியபின்னும் பார்ப்பதே சரியான வரிசை. மாற்றிச் சென்றால் ஸ்கான்செனின் பழைய வீடுகள் இருளில் மறைந்துவிடும். பழைய நகரத்தின் விளக்குகளோ பகல் வெளிச்சத்தில் எடுபடாது.

ஸ்கான்சென் 1891இல் ஆர்தூர் ஹாசெலியுஸ் என்பவர் தொடங்கிய அருங்காட்சியகம். தொழிற்சாலைகள் பெருகிக் கிராம வாழ்க்கை மறைந்துகொண்டிருந்த காலத்தில், நாட்டின் பல மூலைகளிலிருந்தும் பழைய வீடுகளைப் பிரித்து எடுத்து வந்து, இந்தக் குன்றின் மேல் மறுபடி பூட்டி நிறுத்தினார். பண்ணை வீடு, காற்றாலை, மரத் தேவாலயம், பட்டறை என 150க்கும் மேற்பட்ட கட்டடங்கள் இங்கே உள்ளன. கிறிஸ்துமஸ் சந்தை 1903 முதல் இதற்குள் நடக்கிறது. சந்தை கூடுவது திருவருகைக் கால வார இறுதிகளில் மட்டுமே. நுழைவுக் கட்டணம் உண்டு. நாளும் நேரமும் ஆண்டுக்காண்டு சற்று மாறுவதால், ஸ்கான்செனின் இணையதளத்தில் பார்த்துச் சீட்டை முன்கூட்டியே எடுத்துக்கொள்வது நல்லது.

வாயில் திறந்த உடனே உள்ளே போய்விட வேண்டும். பதினொன்றரைக்கு மேல் குழந்தைகளும் தள்ளுவண்டிகளுமாகக் கூட்டம் சேர்ந்து, கடைகளுக்கு நடுவே நகர்வதே பெரும்பாடாகிவிடும். கடைகளை மட்டும் சுற்றிவிட்டுத் திரும்புபவர்கள் பாதிக் காசை வீணடிக்கிறார்கள் என்றே சொல்ல வேண்டும். சுற்றியுள்ள பழைய வீடுகளுக்குள் அந்தந்தக் காலத்து வழக்கப்படி கிறிஸ்துமஸ் விருந்து மேசை போட்டு வைத்திருப்பார்கள். ஏழைக் குடியானவன் வீட்டில் ரொட்டியும் மெழுகுவத்தியும்; வசதியான வீட்டில் மேசை கொள்ளாத பண்டங்கள். அந்தக் கால உடையில் இருப்பவரிடம் கேட்டால் ஆங்கிலத்தில் பொறுமையாக விளக்குவார். கண்ணாடிப் பட்டறை தவறவிடக் கூடாத இடம். நீண்ட இரும்புக் குழாயின் நுனியில் தேன் போல வழியும் கண்ணாடிக் குழம்பை உலையிலிருந்து எடுத்து, உருட்டிக்கொண்டே மெல்ல ஊதுவார்கள். சில நிமிடங்களில் அது கிண்ணமாகிவிடும். உலைக்கு எதிரே நின்றால் குளிருக்கும் இதம். சந்தையின் நடுவில் இருக்கும் பெரிய மரத்தைச் சுற்றிக் கைகோத்து ஆடும் நடனத்தில் யாரும் சேர்ந்துகொள்ளலாம். அடி தெரியாதவர்களும் ஆடலாம்.

ஸ்கான்செனுக்குப் போக நகர மையத்திலிருந்து 7ஆம் எண் டிராம் உண்டு. ஸ்லுஸ்ஸன் படகுத்துறையிலிருந்து புறப்படும் படகு அதைவிட அழகு. நகரப் போக்குவரத்துச் சீட்டே அதற்கும் செல்லும். ஒரு தடவை எடுக்கும் சீட்டு 75 நிமிடங்களுக்கு மெட்ரோ, பேருந்து, டிராம், படகு அனைத்துக்கும் பொருந்தும்.

பிற்பகல் மூன்று மணிக்கு அதே படகில் திரும்பினால், ஸ்லுஸ்ஸனிலிருந்து காம்லா ஸ்டானுக்கு நடந்தே போய்விடலாம். ஸ்டோர்டொரியெட் என்ற அந்தச் சதுக்கம் பெரியதல்ல. சிவப்பும் காவியுமாக உயர்ந்த குறுகலான வீடுகள் சுற்றி நிற்க, நடுவில் ஏறத்தாழ 40 மரக் கடைகள், கூரையோரம் விளக்குச் சரங்களோடு வரிசைகட்டி இருக்கும். இன்றைய வடிவில் இந்தச் சந்தை 1915 முதல் நடக்கிறது. நுழைவுக் கட்டணம் இல்லை. கிறிஸ்துமஸுக்கு இரண்டு நாள் முன்பு வரை தினமும் திறந்திருக்கும் என்பதால், இரண்டு சந்தைகளையும் ஒரே நாளில் பார்க்க வேண்டிய அவசரம் இல்லாதவர்கள் சனி ஞாயிறை விட்டுவிட்டு வார நாள் ஒன்றில் மாலை நான்கு மணி வாக்கில் போவது உத்தமம். இன்று குழந்தைகள் பஞ்சு மிட்டாய் தின்னும் இதே இடத்தில்தான் 1520 நவம்பரில் டென்மார்க் மன்னன் இரண்டாம் கிறிஸ்டியன் 80க்கும் மேற்பட்டவர்களைக் கொல்லச் செய்தான். சதுக்கத்தின் ஒரு பக்கத்தை அடைத்து நிற்கும் பழைய பங்குச் சந்தைக் கட்டடத்தில் இப்போது நோபல் பரிசு அருங்காட்சியகம் இருக்கிறது. குளிரில் விறைத்துப் போனவர்களுக்கு ஒதுங்க நல்ல இடம். நோபல் பரிசளிப்பு விழா டிசம்பர் 10ஆம் தேதி நகர இசையரங்கில் நடக்கும். 1930இல் சி.வி. ராமனும், 1983இல் சுப்பிரமணியன் சந்திரசேகரும், 2009இல் சிதம்பரத்தில் பிறந்த வெங்கி ராமகிருஷ்ணனும் பரிசு வாங்க இந்த ஊருக்கு வந்தது இதே சந்தைப் பருவத்தில்தான். அந்த வாரத்தில் ஓட்டல் அறைக்கு வாடகை எகிறும் என்பதையும் கணக்கில் வைத்துக்கொள்ள வேண்டும்.

சந்தையின் மணம் கிலெக் என்ற சூடான திராட்சை மதுவின் மணம். பட்டை, கிராம்பு, ஏலக்காய், இஞ்சி, கசப்பு ஆரஞ்சுத் தோல் போட்டுக் காய்ச்சுகிறார்கள். சிறு கோப்பையின் அடியில் உலர்திராட்சையும் தோல் உரித்த பாதாமும் கிடக்கும். மது கலக்காத கிலெக்கும் தாராளமாகக் கிடைக்கிறது. குளிருக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் உதவும். கூடவே மொறுமொறுப்பான இஞ்சி பிஸ்கட்டும், ஆங்கில எழுத்து 'எஸ்' போலச் சுருட்டி இரு முனையிலும் உலர்திராட்சை பதித்த குங்குமப்பூ பன்னும் வாங்கலாம். சிவப்பு வெள்ளைப் பட்டைகளோடு இருக்கும் புதினா மிட்டாய்க் குச்சி கிரென்னா என்ற ஊரில் அமாலியா எரிக்சன் என்ற கைம்பெண் 1859இல் செய்து விற்கத் தொடங்கியது. கடையில் வதக்கித் தரும் கலைமான் இறைச்சியையும் அசைவர்கள் ஒருமுறை ருசி பார்க்கலாம். தொத்திறைச்சியில் பெரும்பாலும் பன்றி இறைச்சி இருக்கும். வேண்டாதவர்கள் கேட்டே வாங்க வேண்டும். சைவர்களுக்குச் சந்தையில் பன்னும் பிஸ்கட்டும் தவிரத் தேறுவது குறைவு. முன்னரே எங்காவது வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு வருவதே நடைமுறைக்கு ஒத்தது.

வாங்கத்தக்கவை கனமான கம்பளிக் கையுறை, மெழுகுவத்தி, சிவப்பு நாடா கட்டிய வைக்கோல் ஆடு, வட பகுதியின் சாமி பழங்குடியினர் செய்யும் கைவினைப் பொருட்கள். பூர்ச்ச மரத்தின் முடிச்சைக் குடைந்து செய்யும் கோப்பை இவற்றில் சிறந்தது. கைப்பிடியில் கலைமான் கொம்புத் துண்டு பதித்து, அதில் நுண்ணிய கோடுகள் கீறியிருப்பார்கள். விலை மலைப்பூட்டும், மலிவாகக் கிடைத்தால் அது பெரும்பாலும் இயந்திர வேலை. அசல் பொருளில் சாமி கைவினைச் சங்கத்தின் முத்திரைச் சீட்டு தொங்கும். சிவப்பு வண்ண மரக் குதிரையை எங்கும் பார்க்கலாம். தலார்னா மாகாணத்தில் செய்ததுதானா என்று அடியில் ஒட்டியுள்ள சீட்டைப் பார்த்துவிட்டுப் பணம் கொடுக்க வேண்டும்.

பணம் என்றால் அட்டைதான். ஸ்வீடனில் ரொக்கம் வாங்காத கடைகளே மிகுதி. சந்தைக் கடைகளும் அப்படியே. உள்ளூர்க்காரர்கள் கைப்பேசியில் ஸ்விஷ் என்ற செயலியால் செலுத்துவார்கள். ஸ்வீடன் வங்கிக் கணக்கு இல்லாதவருக்கு அது பயன்படாது. வெளிநாட்டில் செல்லுபடியாகும் அட்டை இரண்டு கையில் இருந்தால் நிம்மதி.

வெப்பநிலை சுழியத்தை ஒட்டியே இருக்கும். பனி பொழியலாம், வெறும் மழையாகவும் போகலாம். படத்தில் பார்த்த வெண்பனியை நம்பி வருவோர் ஏமாறக்கூடும். ஒரே தடித்த கோட்டைவிட, கம்பளி உள்ளாடையோடு அடுக்கடுக்காக அணிவதே தோது. எல்லாவற்றையும்விட முக்கியம் காலணி. பழைய நகரத்தின் கல் பாவிய தெருக்களில் ஈரம் உறைந்தால் கண்ணுக்குத் தெரியாமல் வழுக்கும். அடிப்பகுதியில் பிடிமானம் உள்ளதாகப் பார்த்து வாங்க வேண்டும்.

இந்தியக் குடியுரிமை உள்ளவர்களுக்கு ஷெங்கன் விசா தேவை. ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். டிசம்பர்ப் பயணத்துக்குச் செப்டம்பரிலேயே வேலையைத் தொடங்கிவிட வேண்டும்.

தேதியைத் தேர்ந்தெடுக்கும் உரிமை இருந்தால் டிசம்பர் 13ஐச் சேர்த்துக்கொள்ளலாம். அன்று லூசியா திருநாள். வெள்ளை அங்கியும் இடையில் சிவப்புப் பட்டையும் தலையில் மெழுகுவத்திக் கிரீடமுமாக ஒரு பெண் முன்னே வர, மற்றவர்கள் பாடியபடி பின்தொடர்வார்கள். ஸ்கான்செனிலும் நகரின் தேவாலயங்களிலும் இதைப் பார்க்கலாம். தேவாலய நிகழ்ச்சிகளுக்குச் சீட்டு வேகமாகத் தீர்ந்துவிடும். மாறாக, டிசம்பர் 24க்கென்று திட்டமிட்டு வருவது சரியான யோசனை அல்ல. ஸ்வீடன்காரர்களுக்குப் பண்டிகை அன்றுதான். சந்தை அதற்குள் முடிந்திருக்கும், உணவகங்கள் பல மூடியிருக்கும். பிற்பகல் 3 மணிக்குப் பழைய டொனால்ட் டக் படத்தைத் தொலைக்காட்சியில் பார்க்க ஊரே வீட்டுக்குள் போய்விடும். 24, 25 தேதிகளில் தங்க நேர்ந்தால், சாப்பாட்டுக்கு வேண்டியதை 23ஆம் தேதியே வாங்கி அறையில் வைத்துக்கொள்ள வேண்டும்.